பெரிய ரீலில் அறுபது மீட்டர்

இருபத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி "என் பணிக்காலத்தில்" என்று ஆரம்பித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து தாம்பரத்தின் இந்தத் தூண்டில் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கப்போவது நீங்கள் இரண்டு பேர்தான். நான் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவுக்குப் போகிறேன். அங்கே ஞாயிற்றுக்கிழமையில் யாரும் கடலிலிருந்து போன் செய்து கத்த மாட்டார்கள். நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

தூண்டிலில் நூல் சுற்றி வைக்கும் ரீலைக் கழற்றி கிரீஸ் வைப்பது, முடிச்சுப் போடுவது எல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எதிரே நிற்கிற ஆளுக்கு எந்த அளவு ரீல், அதில் எவ்வளவு நூல் என்று முடிவு செய்கிறோமே, அதுதான் அவ்வளவு சீக்கிரம் வராது. அதுவும் எதிரே நிற்கிறவர் "இருக்கிறதிலேயே பெரிசு எதுங்க?" என்று கேட்டுக்கொண்டு நிற்கும்போது.

கேட்பார்கள். எல்லாரும் கேட்பார்கள். நம்மிடம் வருகிறவர்களை நான் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். ஒன்று, சம்பளம் வந்த வாரத்தில் சிறுசேரியிலிருந்து பைக்கில் வரும் சாஃப்ட்வேர் பையன்கள். இரண்டு, வீட்டுக்குத் தெரியாமல் வாங்கி, "பையிலே போடாதம்மா, பேப்பர்ல சுத்திக் குடு" என்று சொல்லும் நடுத்தர வயதுக்காரர்கள். இரண்டு வகைக்கும் பெரிய ரீல்தான் வேண்டும். பெரிய ரீல் வாங்கினால் பெரிய மீன் வரும் என்பது அவர்களுடைய கணக்கு. பெரிய பை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனால் காய் மலிவாகக் கிடைக்கும் என்பதைப் போல.

ரஹ்மத் அக்கா இந்த இரண்டு வகையிலும் சேரவில்லை.

பெருங்களத்தூரில் கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுப்பவர். ஒரு விருந்தை முடித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். கூடவே பட்டையும் கிராம்பும் வாசமாக வந்தன. முதலாளி அவரைத் தாண்டி வாசலை எட்டிப் பார்த்து, "பாய் வரலையாம்மா?" என்று கேட்டார்.

"அவரு வந்து இன்னா பண்ணப்போறாரு? புடிக்கிறது நானு," என்றார் அக்கா.

அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

விஷயம் இதுதான். அவருடைய தம்பி காசிம், ஜி.எஸ்.டி. ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறார். மாதம் ஒரு ஞாயிறு கோவளத்தில் படகு பிடித்து, இரண்டு நண்பர்களோடும் அக்காவோடும் கடலுக்குப் போவார். அந்தப் படகில் காசிம் அண்ணன் ஒரு சட்டம் வைத்திருந்தார். மீன் இழுத்து ரீலில் இருக்கிற நூல் முழுக்கக் காலியாகிவிட்டால், காலி ஆனவர் அடுத்த மூன்று மாதம் கரையில் இருக்க வேண்டும். போன மாதம் அக்காவின் ரீல் காலியாகியிருந்தது. அது காசிம் அண்ணன் தூக்கிப் போட்ட பழைய ரீல். ஆனால் சட்டத்தில் அதற்கெல்லாம் விலக்கு கிடையாது. முதல் தடவை என்று மன்னித்திருக்கிறார்கள். இன்னொரு தடவை ஆனால் கரைதான்.

"மூணு மாசம் போவாட்டி என்ன அக்கா, நாலாவது மாசம் போகலாமே?" என்று கேட்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீ கல்யாணச் சமையல் பண்ணியிருக்கியா தங்கச்சி? பண்ணியிருந்தா கேக்க மாட்டே. தம் போட்டு வெச்சிட்டு நிப்பேன். பொண்ணு வூட்டுக்காரன் வந்து 'இன்னும் எவ்ளோ நேரம்?'பான். அவன் போனா மாப்ள வூட்டுக்காரன் வந்து 'இன்னும் எவ்ளோ நேரம்?'பான். கடல்ல மீன் மட்டுந்தான் அந்தக் கேள்விய கேக்காது. அந்த ஒரு ஞாயித்துக்கெழமைய உட்டா, மீதி மாசம் யாரையாவது கரண்டியாலயே அடிச்சிருவேன்."

முதலாளி பெரிய ரீலை இறக்கி கவுண்டரில் வைத்தார். உங்களுக்குத் தெரியும், எட்டாயிரம் என்று எண் போட்ட அந்தக் கறுப்பு ரீல். "உங்க தம்பி வாங்கினது இதாம்மா. இத வெச்சிருந்தா எவனும் சிரிக்க மாட்டான்."

அக்கா தூக்கிப் பார்த்தார். "தோசைக்கல்லு மாதிரி கீதே."

நான் கேள்விகளை ஆரம்பித்தேன். கேள்விகளின் வரிசையை நீங்கள் மாற்றக் கூடாது. ரீல் கடைசியில்தான் வர வேண்டும். என்ன மீன்? பாறை, சில நாள் வஞ்சிரம். எவ்வளவு எடை? அஞ்சு கிலோ, ஏழு கிலோ. தம்பி வாயில் மட்டும் இருபது கிலோ. எங்கிருந்து? படகிலிருந்து. பாறை மீன் என்றால் ஒரே மூச்சில் நூறு மீட்டருக்கு மேலும் ஓடும். ஆகவே நீளமான நூல் வேண்டும். அந்த நீளத்தை வைத்துக்கொள்ள எந்த ரீல் போதும் என்பது அதற்கு அப்புறம்.

"உங்க தம்பி அந்தப் பெரிய ரீல்ல என்ன நூல் போட்டிருக்கார்?"

"தடியா, கொடிக்கயிறு மாதிரி. புடவை காயப்போடலாம்."

0.80 மில்லிமீட்டர் நூல். காசிம் அண்ணனே ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனது எனக்கு நினைவிருந்தது. ரீலின் பக்கத்தில் 0.40 என்றும் இருநூற்றைம்பது மீட்டர் என்றும் அச்சடித்திருக்கும். வாங்குகிறவர்கள் இரண்டாவது எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வார்கள். நூலின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் நீளம் பாதியாகாது, நாலில் ஒரு பங்காகும். ஆக, கடற்கரையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அந்தப் பிரம்மாண்டமான ரீலில் அறுபது மீட்டர் நூல் இருந்தது. பாறை மீன் அதை மூக்குச் சிந்துகிற நேரத்தில் முடித்துவிடும்.

இதை நான் அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு விநாடி யோசித்தார். "அண்டா பெருசா இருந்து இன்னா? பூசணிக்காய முழுசா போட்டா மூணுதான் நிக்கும்."

"அதேதான் அக்கா."

நாலாயிரம் எண் ரீலை எடுத்தேன். பெரியதில் பாதி எடை. அடியில் ஐம்பது மீட்டர் வெள்ளை நைலான் நரம்பு, அதன் மேல் முன்னூறு மீட்டர் மெல்லிய பச்சைப் பின்னல் நூல். அடியில் வெள்ளை எதற்கு என்று நீங்கள் கேட்க வேண்டும்: பின்னல் நூல் வழுவழுப்பானது, வெறும் உலோகத்தின் மேல் சுற்றினால் மொத்த நூலும் வளையல் மாதிரி சுழலும். மீன் இழுக்கும், ரீல் பாட்டுக்கு நிற்கும், நூல் பாட்டுக்குப் போகும். நரம்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

அக்கா போன பிறகு முதலாளி சொன்னார்: "பெருச எடுக்க வந்தவங்களுக்குச் சின்னத வித்துட்டே. பரவால்ல. ஆனா ஒண்ணு, நூலு தீந்துச்சுன்னா அந்தம்மா இங்க வந்து நிக்கப்போறது என் முன்னாடி இல்ல."

அந்த ஞாயிறு நான் கடையில்தான் இருந்தேன். சிறுசேரிப் பையன் ஒருவன், முதல் வகை, எட்டாயிரம் ரீலைக் கையில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிச் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தான். என் இரண்டு கையிலும் கிரீஸ். போன் அடித்தது. முழங்கையால் அமுக்கி லவுட் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தங்கச்சி! போய்க்கினே கீது! நிக்கவே மாட்டேங்குது!"

"என்ன அக்கா போகுது?"

"நூலு! மீனு! ரெண்டும்!"

பின்னால் ரீல் 'ர்ர்ர்ர்' என்று அலறுவது கடை முழுக்கக் கேட்டது. சிறுசேரிப் பையன் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"அக்கா, போன் எந்தக் கையில?"

"கையிலயா? முக்காட்டுல சொருகி வெச்சிருக்கேன்! ரெண்டு கையும் தூண்டில்ல கீது!"

இதைவிடச் சிறந்த ஹேண்ட்ஸ் ஃப்ரீயை நான் இதுவரை பார்த்ததில்லை.

படகில் ஆளுக்கு ஒரு யோசனை. காசிம் அண்ணன், "டைட் பண்ணுக்கா! டிராக்க டைட் பண்ணு!" என்று கத்தினார். நண்பர் ஒருவர், "நூல கையால புடிங்கக்கா!" என்றார்.

"தொடாதீங்க!" நானும் கத்தினேன். "விரலை அறுத்துடும். படகு ஓடுதா, நிக்குதா?"

"நங்கூரம் போட்டுக் கீது!"

"தூக்கச் சொல்லுங்க. மீன் பின்னாடியே படகு போனா நூல் திரும்பக் கிடைக்கும்."

இது காசிம் அண்ணன் காதிலும் விழுந்திருக்கிறது. "அதெல்லாம் கெடையாது! அவங்க ரீலு, அவங்க பாடு!" பிறகு ஒரு சிரிப்பு. "அக்கா, கரைல குந்த நல்ல நெழலா ஒரு எடம் பாத்து வெக்கறேன்!"

"நீ வாய மூட்றா!" என்றார் அக்கா. மூச்சு வாங்கியது. "தங்கச்சி, பச்ச தீருது. அடில வெள்ள எட்டிப் பாக்குது."

வெள்ளை தெரிந்தால் இன்னும் ஐம்பது மீட்டர். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு முடிச்சு, அதற்கப்புறம் கரை.

எதிரே முதலாளி இரண்டு கையாலும் காற்றைத் திருகிக் காட்டினார்: டைட், டைட். பையனும் தலையாட்டினான். யாருக்கும் அதுதான் தோன்றும். ஓடுகிறதை நிறுத்த வேண்டுமென்றால் பிரேக் போட வேண்டும். டிராக் என்கிற திருகு ரீலுக்குப் பிரேக்தானே?

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். பிரேக் மாறவில்லை. நூல் சுற்றியிருக்கிற உருளை மெலிந்துகொண்டே வருகிறது. கிணற்று ராட்டினத்தைப் பாதியாகச் சின்னதாக்கினால் சுற்றுவதற்கு இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். அக்கா திருகைத் தொடவே இல்லை, ஆனாலும் நூல் மேல் இருக்கிற பாரம் தானாகவே ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். போதாததற்கு இவ்வளவு நீள நூலைத் தண்ணீர் வேறு பிடித்து இழுக்கிறது. இப்போது இன்னும் இறுக்கினால் மீன் நிற்காது, நூல் அறும். பாரம் குறைந்தால் மிரண்டு ஓடுகிற மீனும் கொஞ்சம் நிதானத்துக்கு வரும்.

இதெல்லாம் நிதானமாக உட்கார்ந்து எழுதும்போது அழகாக இருக்கிறது. அப்போது என் காதில் 'ர்ர்ர்' மட்டும்தான். நான் தப்பாகச் சொன்னால் ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும் என்பதும், கிரீஸ் முழங்கை வரைக்கும் வழிவதும் மட்டும்தான் தெரிந்தது.

"அக்கா, டிராக்கைத் தளர்த்துங்க."

"தளத்தறதா?"

"தளத்தறதா!" என்றது படகு. "தளர்த்தறதா?" என்றார் முதலாளி. "தளர்த்தறதா மேடம்?" என்றான் பையன்.

"கால் திருகு. அடுப்பைத் தணிக்கிற மாதிரி. அணைச்சிடாதீங்க."

அந்த ஒரு வார்த்தை போதும் போல. அக்கா எதுவும் கேட்கவில்லை. ரீல் சத்தத்தின் சுருதி இறங்கியது. 'ர்ர்ர்' என்றிருந்தது 'கிர்... கிர்...' ஆனது. பிறகு எதுவும் இல்லை.

"அக்கா?"

"நின்னுடுச்சு."

"மீன் இருக்கா?"

"கீது. மூச்சு வாங்குது. என்னிய மாதிரியே."

பிறகு நடந்தது முழுக்க உழைப்பு. தூண்டிலை மேலே தூக்கு, இறக்கும்போது சுற்று, தூக்கு, சுற்று. உருளையில் நூல் ஏறி வெள்ளை மறைந்ததும் தளர்த்தின கால் திருகை மறுபடி இறுக்கச் சொன்னேன். மீன் இரண்டு தடவை மறுபடி ஓடியது. அக்கா அதைக் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டார். கடைசியில், "வெள்ளையா மின்னுது! பாறடா! பாற!" என்று கூச்சல், தொப்பென்று ஒரு சத்தம், அதோடு போன் கட்டாகிவிட்டது.

கடையில் நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். முதலாளி தட்டியதுதான் பெரிய விஷயம். சிறுசேரிப் பையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், உங்க நம்பர் தருவீங்களா? மீனுக்குத்தான்," என்றான்.

"கடை நம்பர் பில்லுல இருக்கு தம்பி. மீனுக்கு அது போதும்," என்றார் முதலாளி.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மறுபடி போன். அக்காவின் நம்பர். கையில் இன்னும் கிரீஸ், இன்னும் லவுட் ஸ்பீக்கர்.

"என்ன அக்கா, எத்தனை கிலோ?"

பதில் கிசுகிசுப்பாக வந்தது, ஆண் குரல். "அக்கா இல்ல. நான் காசிமு. சத்தமா பேசாத. அக்கா மீன ஐஸ் பொட்டில வெக்கிது. எனக்கும் ஒண்ணு மாட்டிக்கிச்சு."

மூன்று பேரும் கவுண்டரில் சாய்ந்துகொண்டோம். பாறை மீன் கூட்டமாகத்தான் வரும்.

"போனை யார் பிடிச்சிருக்காங்கண்ணா?"

"பிரண்டு. என் காதுல வெச்சிருக்கான். யம்மா, சீக்கிரம் சொல்லு. எவ்ளோ தளத்தணும்?"

"நூல் எவ்வளவு இருக்கு?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைக் கண்டுபிடித்தவரின் குரலில்: "அடி தெரியுதுமா. பளபளன்னு தகடு தெரியுது. இவ்ளோ பெரிய ரீலு, எங்கமா போச்சு நூலு?"

அறுபது மீட்டர் கணக்கை அப்போது விளக்கவில்லை. நெருக்கடியில் இருக்கிற ஆளுக்குக் காரணம் சொல்லாதீர்கள். செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். "கால் திருகு தளர்த்துங்கண்ணா. நங்கூரத்தை உடனே தூக்கச் சொல்லுங்க."

"அத தூக்கக் கூடாதுன்னு நான்தானம்மா சொன்னேன்."

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

பின்னாலிருந்து ரஹ்மத் அக்காவின் குரல், நிதானமாக: "என் போனுல யார்கிட்டடா கொஞ்சிக்கினு கீறே?"

உடனே ஒரு டயர் கடை முதலாளி ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரர்களைக் கூப்பிடுகிற தொண்டையில், "அக்கா! நங்கூரத்த தூக்குக்கா!"

அக்கா தூக்கினார். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். உடனே தூக்கினார், கயிறு படகு விளிம்பில் உரசுகிற சத்தமும், எஞ்சின் இருமிப் பிடிக்கிற சத்தமும் கேட்டன. ஆனால் அறுபது மீட்டர் என்பது அறுபது மீட்டர்தான். 'டப்' என்று நூல் அறுகிற சத்தம் கேட்டது. பையன் கையிலிருந்த எட்டாயிரம் ரீலைச் சத்தமில்லாமல் கவுண்டரில் வைத்தான்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தார். மீன் ஏழு கிலோ, பாதி வீட்டுக்கு, பாதி படகுக்காரருக்கு. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "அப்ப காசிம் அண்ணன் மூணு மாசம் கரையா?"

"அவன் கரைல இருந்தா படகுல நான் யாரப் பாத்துச் சிரிக்கிறது? சட்டத்த மாத்திட்டேன். ரீலு காலியானவங்க அன்னிக்கி பூரா நங்கூரம் தூக்கணும். இன்னிக்கே ஆரம்பிச்சாச்சு. எடம் நல்லால்ல, எடம் நல்லால்லன்னு எட்டு எடம் மாத்துனேன்." சிரித்து முடிக்கவே அவருக்கு நேரமானது. "பாவம், கையெல்லாம் செவந்துபோச்சு. இந்த வாரம் உங்க கடைக்கு வருவான். ஒண்ணும் தெரியாத மாதிரி இரும்மா. ரோஷக்காரன்."

புதன்கிழமை வந்தார். எட்டாயிரம் ரீலைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். முதலாளி ஏதோ வேலை நினைவுக்கு வந்தது போல் உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது.

"இது என் பிரண்டோடது," என்றார் காசிம் அண்ணன். "நூலு பத்தலையாம். இன்னா பண்ணலாம்னு கேட்டுக்கினு வரச் சொன்னான்."

"ரீல் நல்ல ரீல்தாண்ணா," என்றேன். உண்மையும் அதுதான், ரீலின் மேல் எந்தத் தப்பும் இல்லை. "உங்க நண்பர் போட்டிருக்கிற நூல்தான் ரொம்பத் தடி. இதையே மெல்லிசா மாத்தினா நாலு மடங்குக்கு மேல நிக்கும்."

கணக்கை விளக்கினேன். கவனமாகக் கேட்டார். இரண்டு கையையும் சட்டைப் பைக்கும் பேன்ட் பைக்குமாக மறைத்துக்கொண்டே கேட்டார். நான் அவர் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினேன். இந்த வேலையில் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

"நண்பருக்கு இன்னும் ஏதாவது சந்தேகம் வந்தா போன் பண்ணச் சொல்லுங்கண்ணா. இல்லன்னா படகுலயே பக்கத்துல யாராவது விவரம் தெரிஞ்சவங்க இருந்தா, அவங்ககிட்டயே கேக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே முதலாளியின் இருமல் பாதியில் நின்றது.

"அக்கா சொல்லிடுச்சா?"

"எந்த அக்காண்ணா?"

காசிம் அண்ணன் கையைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளங்கை இரண்டும் தக்காளி. கவுண்டரில் விரித்து வைத்தார். அதைத் தானே ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அவர்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார்.